கேளுங்க சொல்றேன்: கம்யூனிட்டி காலேஜ்னா எந்த கம்யூனிட்டிக்கு?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுலேர்ந்து இந்தப் பகுதிக்கு வர்ற லெட்டர்ல பாதி காலேஜ் பத்தி, மீதி பணம் பத்தி. கடலூர் பக்கம் ஒரு காலேஜ் ஆபீஸ்ல ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல 27 வருஷம் உக்காந்து எழுந்தவன்ங்கறதால எடிட்டர் இந்த மாசம் மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாரு. தெரிஞ்சதைச் சொல்றேன்.

பொண்ணு ப்ளஸ் டூல சுமாரான மார்க்தான். பாண்டி லாஸ்பேட்டையில கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, அங்க போட்டுப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. பக்கத்து வீட்டு அக்கா, அது ஏதோ ஒரு சாதிக்காரங்க காலேஜ், நமக்கெல்லாம் சீட்டு தரமாட்டாங்கன்னு சொல்றாங்க. உண்மையா?
- ஒரு அம்மா, நெல்லிக்குப்பம்

அந்த அக்காவைத் திட்டாதீங்கம்மா. நம்ம ஊர்ல கம்யூனிட்டினா சாதிதான், தாலுகா ஆபீஸ்ல போய் கம்யூனிட்டி வாங்கணும்னு சொன்னா சாதி சர்ட்டிபிகேட்டுக்குத்தான் வழி காட்டுவாங்க, அப்புறம் அந்தம்மா மேல என்ன தப்பு. சரி தமிழ்ல போடுவோம்னு சமுதாயக் கல்லூரினு பேர் வெச்சாங்க, அதுக்கும் ஜன்னலுக்கு வெளிய நின்னுகிட்டு "எந்த சமுதாயம் சார்?"னு மெதுவா கேட்டவங்களை நானே பாத்திருக்கேன். சாதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சுத்துவட்டாரத்துல இருக்குற ஜனங்க கிட்டக்கவே படிச்சு கைத்தொழிலோ வேலையோ பாக்குற மாதிரி ஒரு காலேஜ், அவ்ளோதான் அர்த்தம்.

இதுல நம்ம பக்கத்துக்கு ஒரு பெருமை இருக்கு, யாரும் பேசிக்கறதில்ல. இந்தியாவுல முதல் கம்யூனிட்டி காலேஜ்னு சொல்றதே அந்த லாஸ்பேட்டை காலேஜைத்தான். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி 1985ல காலாப்பட்டுல வந்துச்சு, பத்து வருஷம் கழிச்சு 1995ல அவங்களே இதை ஆரம்பிச்சாங்க. அதுக்கு அடுத்த வருஷம், 1996ல, சென்னை மயிலை கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் சென்னையில ஒண்ணு தொடங்குச்சு, அதுக்குப் பின்னாடி நின்னவரு சேவியர் அல்போன்ஸ்னு ஒரு இயேசு சபை ஃபாதர். ஸ்கூல்ல பாதியில நின்ன பசங்க, குடிசைப் பகுதிப் பிள்ளைங்க, இவங்களைக் கூட்டியாந்து ஆறு மாசம் ஒரு வருஷம் தொழில் கத்துக்குடுத்து கம்பெனியிலயோ ஆஸ்பத்திரியிலயோ நேரா ட்ரெய்னிங் போடுறது, இதுதான் அவங்க முறை. அப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல வந்து, அவங்க இந்த மாதிரி சென்டருங்களுக்கு அங்கீகாரம் குடுத்து தொழிற்கல்வி டிப்ளமோ நடத்த விட்டாங்க. 2009ல இக்னோங்கற மத்திய சர்க்கார் திறந்தநிலை யுனிவர்சிட்டி கையில எடுத்து நாடு முழுக்க நூத்துக்கணக்குல அனுமதி குடுத்துச்சு, கொஞ்ச வருஷத்துல அது நின்னும் போச்சு, அதை நம்பிச் சேந்தவங்க சர்ட்டிபிகேட்டுக்கு அலைஞ்சது ஒரு தனிக் கதை. கடைசியா யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, இருக்குற காலேஜுங்களுக்குள்ளயே இந்தக் கோர்ஸை நடத்தச் சொல்லி பணம் குடுத்துச்சு, 2014ல பி.வோக்னு ஒரு தொழிற்கல்வி டிகிரியும் கொண்டு வந்துச்சு. அதுல ஒரு வருஷத்தோட நின்னா டிப்ளமோ, ரெண்டு வருஷம்னா அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூணும் முடிச்சா டிகிரி. நடுவுல கல்யாணம், குழந்தைனு நிக்குற பொண்ணுங்க நிறைய இருக்குற ஊர்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

ஆக, தாராளமா அப்ளிகேஷன் போடுங்க. லாஸ்பேட்டையில இப்போ மூணு வருஷ டிகிரிங்களே நடக்குது, பேர்ல கம்யூனிட்டி இருக்குறதால அது குறைஞ்ச டிகிரி ஆயிடாது. திருப்பாப்புலியூர்ல பஸ் ஏறினா பாண்டி பஸ் ஸ்டாண்டு, அங்கேர்ந்து லாஸ்பேட்டைக்கு டெம்போவோ டவுன் பஸ்ஸோ. தினம் போக வர ஆகுற பஸ் காசை மட்டும் முன்னாடியே கணக்குப் போட்டுக்கோங்க, ஃபீஸைப் பாத்து சந்தோஷப்பட்டுட்டு பஸ் காசுல கவுந்த குடும்பம் நிறைய.

என் அண்ணன் பையன் அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்ல சேந்திருக்கான். யுனிவர்சிட்டி கிடைக்காம போச்சான்னு சொந்தக்காரங்க எல்லாம் துக்கம் விசாரிக்கறாங்க. என்ன பதில் சொல்றது?
- வாசகர், மஞ்சக்குப்பம்

துக்கம் விசாரிக்க வந்தவங்களுக்கு ஒரு காபி குடுத்து அனுப்புங்க. இந்த யோசனையே அவங்க ஊர்ல பொறந்ததுதான். 1901ல இல்லினாய்ஸ் மாகாணத்துல ஜோலியட்னு ஒரு ஊரு, அங்க ஒரு ஹைஸ்கூல் பிரின்சிபாலும் சிகாகோ யுனிவர்சிட்டி தலைவரும் பேசி வெச்சுகிட்டு, டிகிரியோட முதல் ரெண்டு வருஷப் படிப்பை உள்ளூர்லயே நடத்துனா என்னன்னு ஆரம்பிச்சாங்க. முதல் பேட்ச்ல ஆறே பேரு. அந்தக் காலேஜ் இன்னும் நடக்குது. அப்போ அதுக்கு ஜூனியர் காலேஜ்னு பேரு, கம்யூனிட்டி காலேஜ்ங்கற பேரு நிலைச்சது அதிபர் ட்ரூமன் போட்ட கமிஷன் 1947ல குடுத்த ரிப்போர்ட்டுக்கு அப்புறம். ரெண்டாம் உலகப் போர்லேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்ங்களுக்கு சர்க்கார் படிப்புச் செலவு குடுத்துச்சு, கூட்டம் தாங்கல, ஊருக்கு ஊரு இந்த காலேஜுங்க வந்துடுச்சு.

உங்க அண்ணன் பையன் செய்யறதும் அதேதான், ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுட்டு மூணாவது வருஷம் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம், கடைசியில டிகிரியில யுனிவர்சிட்டி பேருதான் வரும். ஆனா எந்த யுனிவர்சிட்டி எந்தப் பாடத்தை ஏத்துக்கும்னு முதல் செமஸ்டர்லயே கேட்டு வெச்சுக்கணும், இல்லன்னா எடுத்த கிரெடிட் கணக்குல வராம திரும்ப எழுதற நிலைமை வரும். பணத்தைப் பொறுத்தவரை அங்க பெல் கிராண்ட்னு ஒரு சர்க்கார் உதவித்தொகை, செனட்டர் ஒருத்தர் பேர்ல, திருப்பிக் கட்ட வேணாம், 2024-25க்கு அதிகபட்சம் 7,395 டாலர், உள்ளூர்ப் பிள்ளைக்கு கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸை விடவே அது ஜாஸ்தி. ஆனா அது அந்த நாட்டுப் பிரஜைக்கும் கிரீன் கார்டுகாரங்களுக்கும்தான், இங்கேர்ந்து ஸ்டூடண்ட் விசாவுல போறவங்களுக்குக் கிடையாது. உங்க அண்ணன் பையன் எந்தக் கணக்குல இருக்கான்னு நீங்க எழுதல.

எங்க ஊர் மெயின் ரோட்டுல மாடியில ஒரு கம்யூனிட்டி காலேஜ் போர்டு இருக்கு. நர்சிங் அசிஸ்டென்ட் ஒரு வருஷம், நூறு பர்சன்ட் வேலைங்கறாங்க. நம்பலாமா?
- வாசகி, பண்ருட்டி

எனக்கு இதுல சொந்த அனுபவம் இருக்கு, அதனால கொஞ்சம் சூடா எழுதுனா மன்னிக்கணும். என் அக்கா பையன் இப்படி ஒரு மாடியில சேந்தான், எந்த ஊரு எந்த மாடினு வேணாம். 18,000 ரூபாய் கட்டினோம், ரசீது கேட்டா ஒரு டிரஸ்ட் பேர்ல டொனேஷன் ரசீது. வருஷக் கடைசியில தங்க எழுத்து போட்டு, ஓரத்துல பூ வேலைப்பாடு போட்டு, ஃப்ரேம் பண்ணி மாட்டற மாதிரி ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. அழகுன்னா அழகு. அதை எடுத்துட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனான், அங்க இருந்த அம்மா படிச்சுப் பாத்துட்டு கேட்டது ஒரே கேள்வி: "இதுல யுனிவர்சிட்டி பேரு எங்க தம்பி?" திருப்பித் திருப்பிப் பாத்தான், பின்பக்கம் கூடப் பாத்தானாம். டிரஸ்ட் பேரு இருக்கு, தலைவர் கையெழுத்து இருக்கு, ஏதோ ஒரு ஐஎஸ்ஓ தரச் சான்று முத்திரை கூட இருக்கு, பரீட்சை நடத்தின யுனிவர்சிட்டியோ போர்டோ இல்ல. அந்த முத்திரைக்கும் படிப்போட அங்கீகாரத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு அன்னிக்குத்தான் எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அதனால நீங்க மாடி ஏறிப் போய், பழைய பேட்ச் பிள்ளை ஒருத்தரோட சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் காட்டுங்கன்னு கேளுங்க. பேசவே வேணாம், அதைப் படிச்சா போதும். யார் குடுக்கறாங்க, திறந்தநிலைப் பல்கலைக்கழகமா, வேற யுனிவர்சிட்டியா, சர்க்கார் தேர்வுத் துறையா. ஏதாவது யுனிவர்சிட்டி பேரு இருந்தா அந்த யுனிவர்சிட்டிக்கே போன் போட்டு, இந்த சென்டருக்கு இந்த வருஷம் அனுமதி இருக்கான்னு கேளுங்க, போன வருஷம் இருந்துச்சுங்கறது பதில் இல்ல. யுஜிசி வெப்சைட்ல போலி யுனிவர்சிட்டி லிஸ்ட் போட்டிருப்பாங்க, அதுல நம்ம புதுச்சேரி விலாசத்தோடவே ஒண்ணு பல வருஷமா இருக்கு, ஏதோ டெல்லி பக்கம் நடக்குற விஷயம்னு நினைச்சுடாதீங்க. அப்புறம் நர்சிங் அசிஸ்டென்ட் வேற, நர்ஸ் வேற. நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணாதவங்க நர்ஸ் ஆக முடியாது, இந்த ஒரு வருஷக் கோர்ஸை முடிச்சா நர்ஸுன்னு யாராவது சொன்னா அந்த நிமிஷமே கீழ இறங்கிடுங்க.

அதே ஒரு வருஷத்தை அரசு ஐடிஐல செலவு பண்ணா என்னன்னும் யோசிங்க. கடலூர்லயே இருக்கு. படிக்கும்போதே மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், யூனிஃபார்ம், பஸ் பாஸ் எல்லாம் சர்க்கார் குடுக்குது. மாடியில போர்டு இல்லாததால நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல.

அரசுப் பள்ளியில படிச்சேன், இப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். தமிழ்நாடு சர்க்கார் மாசா மாசம் குடுக்கற புதுமைப் பெண் திட்டத்து 1000 ரூபாய் என் கூடப் படிக்கிறவங்களுக்கு எல்லாம் வருது, எனக்கு மட்டும் வரல. ஆபீஸ்ல கேட்டா அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, பேங்க்ல கேட்டா வரலன்னு சொல்றாங்க.
- மாணவி, கடலூர் முதுநகர்

பாப்பா, ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க. இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லியே என் கடைசி ரெண்டு வருஷ சர்வீஸ் ஓடிச்சு.

ஒரு பொண்ணு, உன்ன மாதிரிதான், நாலு மாசமா வரலன்னு பாஸ்புக்கை எடுத்துட்டு வந்து என் டேபிள் முன்னாடி அழுதுச்சு. பாஸ்புக்ல கடைசி வரி அது அக்கவுண்ட் ஓபன் பண்ணப்போ போட்ட 500 ரூபாய். சரி வாம்மான்னு மத்தியானம் நானே கூட போனேன். பேங்க் கவுன்ட்டர்ல இருந்த தம்பி ஆதார் நம்பரை அடிச்சுப் பாத்துட்டு, சார் இது வேற பேங்க்ல இருக்குன்னாரு. எந்த பேங்க்னா, அந்தப் பொண்ணு ஆறாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஓபன் பண்ண அக்கவுண்ட்டு. அதுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. பாஸ்புக் அம்மாவோட ட்ரங்க் பெட்டியில, புடவைக்கு அடியில. போய் என்ட்ரி போட்டா வரிசையா ஆயிரம், ஆயிரம், ஆயிரம், ஆயிரம். அழுத பொண்ணு சிரிச்சுது, அப்புறம் அம்மா ஏன் பாஸ்புக்கைச் சொல்லலன்னு வீட்டுக்குப் போய் சண்டை போட்டுதாம்.

விஷயம் என்னன்னா, இந்தப் பணம் நீ ஃபாரத்துல எழுதிக் குடுத்த அக்கவுண்ட் நம்பருக்குப் போறதில்ல, உன் ஆதார் எந்த பேங்க்கோட கடைசியா சீடிங் ஆகியிருக்கோ அங்க போய் விழும். ஆதார் லிங்க் வேற, சீடிங் வேற. லிங்க் எத்தனை அக்கவுண்ட்ல வேணா பண்ணலாம், சர்க்கார் பணம் நேரா வர்றதுக்கான சீடிங், டிபிடி சீடிங்னு சொல்வாங்க, ஒரே ஒரு பேங்க்லதான் இருக்கும். ஆதார் வெப்சைட்ல லாகின் பண்ணி பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு ஒரு இடம் இருக்கு, ஓடிபி போட்டா எந்த பேங்க்னு காட்டும். ஆதார்ல இருக்குற போன் நம்பர் அப்பாவோட பழைய நம்பரா இருந்தா முதல்ல அதை மாத்தணும், இதுலயே பாதிப் பேரு நிக்கறாங்க. அந்த அக்கவுண்ட் சின்ன வயசுல ஓபன் பண்ணதா இருந்தா, 18 முடிஞ்சதும் கேஒய்சிங்கற அடையாளச் சான்று குடுக்காம முடங்கியிருக்கும், பணம் போய் திரும்பி வந்துடும். பேங்க்ல போய் "என் அக்கவுண்ட்ல டிபிடி சீடிங் பண்ணுங்க"ன்னு அந்த வார்த்தையிலயே எழுதிக் குடு. ஆதார் லிங்க் பண்ணுங்கன்னு எழுதினா லிங்க்தான் பண்ணுவாங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வரி. இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5ல ஆரம்பிச்சது, ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு, அப்புறம் உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் குடுத்தாங்க. பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு 2024 ஆகஸ்ட்லேர்ந்து. டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எல்லாத்துக்கும் உண்டு. ஆனா தபால் வழி, தொலைதூரப் படிப்புக்குக் கிடையாது, அதனால கம்யூனிட்டி காலேஜ்ல சேரும்போது இது ரெகுலரா, தொலைதூரக் கல்வியிலயா நடத்தறீங்கன்னு கேட்டுட்டுச் சேருங்க. ஒரே கட்டடத்துல ரெண்டும் நடக்குற இடம் இருக்கு.

நாங்க அரியாங்குப்பம். பொண்ணு புதுச்சேரி அரசுப் பள்ளியில படிச்சா, இப்போ கடலூர்ல காலேஜ். ஆயிரம் ரூபாய் வருமா? என் தங்கச்சி பொண்ணு கடலூர், அது பாண்டியில சேரப் போவுது. அதுக்கு பாண்டி சர்க்கார் உதவி கிடைக்குமா?
- வாசகர், அரியாங்குப்பம்

முள்ளோடை எல்லையைத் தாண்டினா பெட்ரோல் விலை மாறுது, சரக்கு விலை மாறுது, ஸ்காலர்ஷிப் மட்டும் மாறாதா அண்ணே. உங்க பொண்ணுக்கு வராது, அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு. தங்கச்சி பொண்ணுக்கு பாண்டி சர்க்கார் உதவி கேக்கணும்னா குடியிருப்புச் சான்றிதழ் கேப்பாங்க, தொடர்ந்து அஞ்சு வருஷம் அங்க இருந்திருக்கணும். மாமா வீட்டு விலாசத்தைப் போட்டு வாங்கிடலாம்னு யோசனை சொல்றவங்க இருக்காங்க, பின்னாடி மாட்டினா சீட்டே போயிடும்.

அந்தப் பொண்ணு பாண்டியில படிச்சுகிட்டு தமிழ்நாட்டு ஆயிரத்தை வாங்கறதுக்கு, சேர்றதுக்கு முன்னாடி அந்தக் காலேஜ் ஆபீஸ்ல ஒரே கேள்வி கேளுங்க: "போன வருஷம் இங்க கடலூர்ப் பிள்ளை யாராவது வாங்கிச்சா?" திட்டம் காலேஜ் மூலமா பதிவாகறது, காலேஜ் பதிவு பண்ணலன்னா நாம என்ன கத்தினாலும் வராது.

எல்லை பாக்காத பணமும் இருக்கு. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு. ப்ளஸ் டூல அவங்கவங்க போர்டுல மேல இருக்குற 20 சதவீதம் பேருக்குள்ள வரணும், வீட்டு வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள்ள, ரெகுலர் டிகிரியா இருக்கணும். டிகிரி மூணு வருஷமும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். எந்த மாநிலத்துல படிக்கிறான்னு கேக்க மாட்டாங்க. எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கறதுக்கான ஸ்காலர்ஷிப், வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, வெளி மாநிலத்துல படிச்சாலும் அப்ளிகேஷன் சொந்த மாநிலத்துலதான் போடணும். ரெண்டுத்துக்கும் வருஷா வருஷம் ரெனியூவல் உண்டு, முதல் வருஷம் வாங்கிட்டு ரெண்டாம் வருஷம் மறந்து போனவங்க லிஸ்ட் எடுத்தா ஒரு நோட்டு பத்தாது.

முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் வாங்கிட்டோம், பையன் பி.காம். ஃபீஸ் குறைக்க மாட்டேங்கறாங்களே?
- வாசகர், குறிஞ்சிப்பாடி

குறைக்க மாட்டாங்க. அது இன்ஜினியரிங், மெடிக்கல், அக்ரி மாதிரி தொழில் படிப்புக்கு கவுன்சிலிங்ல போறவங்களுக்கு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் கிடையாது. சர்ட்டிபிகேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது அப்படியே இருக்கட்டும்.

எனக்கு 38 வயசு. பத்தாவது பாஸ். தானே புயல்ல வீடு போச்சு, 2015 வெள்ளத்துல சர்ட்டிபிகேட்டும் போச்சு. தையல், பியூட்டிஷியன் மாதிரி ஏதாவது முறையா படிக்கணும்னு ஆசை. கம்யூனிட்டி காலேஜ்ல சேத்துப்பாங்களா, இல்ல சிரிப்பாங்களா?
- பெயர் வேண்டாம், தேவனாம்பட்டினம்

சேத்துப்பாங்கம்மா. வயசு வரம்பு வெக்காததுதான் இந்தக் காலேஜுங்களோட அடிப்படையே. சிரிக்கறவங்க இருப்பாங்க, பெரும்பாலும் அவங்க காலேஜுக்கு வெளிய டீக்கடையில இருப்பாங்க.

முதல் வேலை பத்தாவது மார்க் ஷீட். அந்த வெள்ளத்தப்போ கடலூருக்கும் சேத்து ஸ்பெஷல் கேம்ப் போட்டு டூப்ளிகேட் குடுத்தாங்க, நீங்க அப்போ வீட்டைப் பாப்பீங்களா கேம்ப்பைப் பாப்பீங்களா. இப்பவும் வாங்கலாம். போலீஸ்ல காணாம போச்சுன்னு பதிஞ்சு சான்று வாங்கிட்டு, படிச்ச ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மூலமா தேர்வுத் துறைக்குப் போடணும். நம்பர் ஞாபகம் இல்லன்னா கவலைப்படாதீங்க, எந்த வருஷம் எந்த ஸ்கூல்னு சொன்னா அட்மிஷன் ரிஜிஸ்தர்ல தேடி எடுப்பாங்க, பழைய ரிஜிஸ்தர் பீரோவுக்கு மேல இருக்கும், எடுக்க மூக்கால அழுவாங்க, ரெண்டு தடவை போங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல இனிஷியல் மாறியிருந்தா, மார்க் ஷீட்ல இருக்குற மாதிரியே அப்ளிகேஷன்ல எழுதுங்க, புருஷன் இனிஷியல் போட்டு எழுதிட்டு அப்புறம் சர்ட்டிபிகேட்ல பேரு மாறி நின்னவங்களை நான் எண்ணவே முடியாது.